கட்சிதான் சபையை மாற்றியது: 2025 பொங்கல் பட்டிமன்றத்தில் நான் பேசியது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வடை ஆறுவதற்குள் முடித்துவிடுங்கள் என்று வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்ட விழாக்குழு அண்ணன்களே, எல்லாருக்கும் வணக்கம்.

டாலஸ் குளிரில் ஒரு பள்ளிக்கூட கஃபேட்டீரியாவில் உட்கார்ந்துகொண்டு ‘இவாஞ்சலிக்கல் சபைகள் ரிபப்ளிகன் கட்சியை மாற்றினவா, ரிபப்ளிகன் கட்சி சபைகளை மாற்றியதா’ என்று தமிழில் சண்டை போடுகிற கூட்டம் நாம் மட்டுமாகத்தான் இருப்போம். ஆனாலும் நேரம் சரியான நேரம். நாளை மறுநாள் திங்கட்கிழமை ட்ரம்ப் இரண்டாவது முறையாகப் பதவியேற்கிறார். போன நவம்பரில் வெள்ளை இவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அவருக்குத்தான் போட்டார்கள்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா அழகாகப் பேசினார், கைதட்டலையும் வாங்கிவிட்டார். அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இந்தச் சபைக்காரர்கள் 40 வருஷம் பொறுமையாக ஒரு கட்சிக்குள் உட்கார்ந்து, அதைத் தங்கள் வழிக்குக் கொண்டுவந்தார்கள், உச்சநீதிமன்றத்துக்கு மூன்று நீதிபதிகளை வாங்கினார்கள், 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையைத் தந்த ரோ எதிர் வேட் தீர்ப்பையே கவிழ்த்தார்கள், இஸ்ரேலில் இருந்த அமெரிக்கத் தூதரகம் 2018இல் ஜெருசலேமுக்குப் போனது. ஆக, வண்டியை ஓட்டியது சபை, கட்சி வெறும் மாடு.

அக்கா, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ரிபப்ளிகன் கட்சி மாறியது உண்மை. 1975இல் அந்தக் கட்சி ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டு டிவியில் உட்கார்ந்து ரோ தீர்ப்பு மகத்தான தீர்ப்பு என்று சொல்ல முடிந்தது. பிறகு அப்படிச் சொன்னால் அந்தக் கட்சியில் தலை தப்பாது என்ற நிலை வந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாட்டைப் பற்றியே பேசினீர்கள், வண்டியில் உட்கார்ந்திருந்தவர் என்ன ஆனார் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் இந்த ‘இவாஞ்சலிக்கல்’ என்பவர் யார்? நான் நாசரேத் பக்கத்துக்காரன், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். எங்களுக்கு இந்த ஆளை விளக்க வேண்டியதில்லை. ‘நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?’ என்று ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் கேட்பாரே ஒரு பெரியவர், அவரேதான். மறுபடியும் பிறக்க வேண்டும், வேதமே கடைசி அதிகாரம், சிலுவையே மையம், அதை அடுத்தவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவ்வளவுதான் அடையாளம். இதில் எங்கேயாவது ரிபப்ளிகன் கட்சியின் யானைச் சின்னம் இருக்கிறதா? இல்லை. அப்புறம் எப்படி வந்தது என்பதுதான் கதை.

1976க்குப் போவோம். ஜார்ஜியாவில் பிளெயின்ஸ் என்கிற குட்டி ஊரில் இருந்து ஒரு கடலை விவசாயி ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்கிறார். ஜிம்மி கார்ட்டர். சதர்ன் பாப்டிஸ்ட். ஞாயிறு பள்ளி வாத்தியார். நான் மறுபடியும் பிறந்தவன் என்று மேடையிலேயே சொல்கிறார், நியூயார்க் பத்திரிகைக்காரர்கள் அப்படியென்றால் என்ன என்று விசாரிக்கிறார்கள். அந்த வருஷத்தையே நியூஸ்வீக் ‘இவாஞ்சலிக்கல்களின் ஆண்டு’ என்று அழைத்தது. கார்ட்டர் எந்தக் கட்சி? டெமாக்ரட். தெற்கில் விர்ஜினியா ஒன்றைத் தவிர, உள்நாட்டுப் போரில் பிரிந்துபோய் நின்ற பழைய கூட்டமைப்பு மாநிலங்கள் அத்தனையும் அவருக்கு விழுந்தன. நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற டெக்சஸ் உட்பட. அதற்குப் பிறகு இன்றுவரை எந்த டெமாக்ரட் ஜனாதிபதி வேட்பாளரும் டெக்சஸில் ஜெயிக்கவில்லை.

நாலே வருஷம். 1980இல் அதே தெற்கில் ஜார்ஜியா தவிர எல்லாம் போய்விட்டது. எதிரே நின்றவர் யார்? ரொனால்ட் ரீகன். ஹாலிவுட் நடிகர். விவாகரத்தாகி மறுமணம் செய்தவர். அமெரிக்கா அதற்கு முன் விவாகரத்தான ஒருவரை ஜனாதிபதி ஆக்கியதே இல்லை. கலிஃபோர்னியா கவர்னராக 1967இல் கருக்கலைப்பைத் தளர்த்துகிற சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர், 1969இல் காரணம் சொல்லாமலே விவாகரத்து வாங்கலாம் என்ற சட்டத்திலும் கையெழுத்துப் போட்டவர். ஞாயிறு பள்ளி வாத்தியாரை விட்டுவிட்டு இவரிடம் போனார்கள். கொள்கைதான் இழுத்தது என்றால், எந்தக் கொள்கை அக்கா?

அந்த வருஷம் ஆகஸ்டில் இதே டாலஸில், ரீயூனியன் அரங்கத்தில், ஆயிரக்கணக்கான பாஸ்டர்களுக்கு முன்னால் ரீகன் பேசினார். நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். கவனியுங்கள். சபை போய் கட்சியைக் கேட்கவில்லை. கட்சி வந்து சபையைப் பெண் கேட்டது.

சரி, கருக்கலைப்பால்தான் எல்லாம் நடந்தது என்பார்கள். அதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. 1971இல் செயின்ட் லூயிஸில் கூடிய சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு, இந்த நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பு, ஒரு தீர்மானம் போட்டது. பலாத்காரம், தகாத உறவு, கருவில் கடுமையான குறை, தாயின் உடல்நலம், மனநலம், இதற்கெல்லாம் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்கு உழையுங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்ட தீர்மானம். 1974இல், அதாவது ரோ தீர்ப்பு வந்த பிறகும், அதே நிலையை உறுதி செய்தார்கள். இங்கே டவுன்டவுனில் இருக்கிற ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபையின் பெரிய பாஸ்டர் கிறிஸ்வெல், ரோ தீர்ப்பை வரவேற்று, குழந்தை பிறந்து தனி உயிரான பிறகுதான் அது தனி மனிதன் என்று நான் எப்போதும் நினைத்திருக்கிறேன் என்கிற பொருளில் சொன்னவர். இன்று அதே சபையில் பாஸ்டராக இருக்கிறவர் ராபர்ட் ஜெஃப்ரஸ், ட்ரம்பின் பக்கத்தில் நிற்கிற முதல் வரிசைக்காரர், ஜெருசலேம் தூதரகத் திறப்பில் ஜெபம் செய்தவர். அதே சபை, அதே வேதபுத்தகம்.

அப்படியென்றால் எது கிளப்பிவிட்டது? பள்ளிக்கூடம். தெற்கில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்றானதும் பல இடங்களில் கிறிஸ்தவத் தனியார் பள்ளிகள் முளைத்தன, வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும். அப்படிப் பாகுபாடு பார்க்கிற பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது என்று வரித்துறை சொன்னது நிக்சன் காலத்தில், 1970இல். தெற்குக் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் அந்த விலக்கை இழந்து உச்சநீதிமன்றம் வரை போய் 1983இல் தோற்றது. இனம் கடந்து மாணவர்கள் காதலிக்கக் கூடாது என்ற அதன் விதி போனது 2000இல்தான். 1978இல் வரித்துறை தனியார் பள்ளிகளுக்கு இன்னும் இறுக்கமான விதிகளை முன்வைத்தபோது பாஸ்டர்கள் கொதித்தார்கள், பழி கார்ட்டர் தலையில் விழுந்தது. அடுத்த வருஷமே பாஸ்டர் ஜெர்ரி ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற கிறிஸ்தவ அரசியல் இயக்கத்தைத் தொடங்குகிறார். அதற்குப் பின்னால் இருந்து வேலை செய்த பால் வேரிக், வாஷிங்டனில் கட்சி அரசியல் தெரிந்த கத்தோலிக்கர், பிற்பாடு அவரே சொன்னார்: இவர்களை எழுப்ப நான் பல விஷயங்களைப் போட்டுப் பார்த்தேன், பள்ளி விவகாரம்தான் எழுப்பியது என்று. தூண்டிலும் அவர் கையில், புழுவை மாற்றி மாற்றிப் பார்த்ததும் அவரே. கருக்கலைப்பு பிறகு வந்த புழு. அது மாட்டிக்கொண்ட பிறகு உண்மையான நம்பிக்கையாகவே ஆனது, அதை நான் கேலி செய்யவில்லை. என் அத்தை மாதிரி ஆட்கள் அதற்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறவர்கள்.

இப்போது நடத்தைக்கு வருவோம். 1976 தேர்தல் நேரத்தில் கார்ட்டர் ஒரு பத்திரிகைப் பேட்டியில், நான் என் இருதயத்தில் பலமுறை விபசாரம் செய்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். மத்தேயு 5ஆம் அதிகாரம் படித்தவனுக்கு இதில் அதிர்ச்சி கிடையாது, இயேசு சொன்னதையே தன் மேல் போட்டுச் சொன்னார் மனுஷன். ஆனால் அது வந்த பத்திரிகை பிளேபாய், அதனால் ஊரே எழுந்து நின்று திட்டியது. 40 வருஷம் கழித்து, 2016 அக்டோபர் 7ஆம் தேதி, ஒரு டேப் வெளியே வந்தது. அதில் ட்ரம்ப் பெண்களைப் பற்றிப் பேசியதை இங்கே குழந்தைகள் இருப்பதால் நான் சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்து வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் பத்தில் எட்டுப் பேர் அவருக்குப் போட்டார்கள்.

நடுவில் 1998 இருக்கிறது. ஜனாதிபதி கிளின்டனின் பெண் விவகாரம் நாறிக்கொண்டிருந்தபோது சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு ஒரு தீர்மானம் போட்டது: தலைவர்களின் பெரிய தவறைச் சகித்துக்கொண்டால் சமூகத்தின் மனசாட்சி சுட்டுப்போகும் என்று. நல்ல தீர்மானம், இன்றைக்கும் நான் கையெழுத்துப் போடுவேன். 2011இல் ஒரு கருத்துக்கணிப்பு கேட்டது: சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறிய தலைவர், பொறுப்பில் நேர்மையாக நடக்க முடியுமா? வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் முடியும் என்றவர்கள் 30%. நாட்டிலேயே கண்டிப்பான கூட்டம் இவர்கள்தான். 2016இல் அதே கேள்வி. முடியும் என்றவர்கள் 72%. ஐந்து வருஷத்தில் வேதத்தில் ஒரு வசனம்கூட மாறவில்லை, வேட்பாளர் மட்டும்தான் மாறினார். நடுவர் அவர்களே, இதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்று இங்கேயே உட்கார்ந்துவிடலாம், ஆனால் எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மிட் ராம்னி. 2012இல் ரிபப்ளிகன் வேட்பாளர். மார்மன் மதத்தவர். எங்கள் ஊர் பாஸ்டர்மார் மார்மன் என்றால் கள்ளப்போதகம் என்பார்கள், இங்கேயும் அப்படித்தான். 2011 அக்டோபரில் இதே ஜெஃப்ரஸ் அதை ‘கல்ட்’ என்று மைக் முன்னால் சொன்னார். 2012இல் ராம்னிதான் வேட்பாளர் என்று தெளிவானதும் அவரே ஆதரவு கொடுத்தார். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு ராம்னி போய் பிரபல சுவிசேஷகர் பில்லி கிரஹாமைப் பார்த்துவிட்டு வந்தார், அதன் பிறகு கிரஹாம் அமைப்பின் இணையதளத்தில் கல்ட் பட்டியலில் இருந்த மார்மன் என்ற பெயர் காணாமல் போனது. கட்சிக்காக வேதசாத்திரத்தையே திருத்தினார்கள் அக்கா! இன்னும் நீங்கள் சபை கட்சியை மாற்றியது என்பீர்களா?

2016 ஜனவரியில் ஃபால்வெல் தொடங்கிய லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் வேதவசனம் சொல்ல வந்த ட்ரம்ப் ‘இரண்டு கொரிந்தியர்’ என்றார். நாசரேத்தில் ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிற ஏழு வயசுப் பையன்கூட ‘இரண்டாம் கொரிந்தியர்’ என்று திருத்துவான். மாணவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஓட்டுப் போட்டார்கள். இதற்குப் பதிலாக வந்ததுதான் கோரேஸ். எங்கள் தமிழ் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த ஃபார்வர்டு எனக்கு ஒரே நாளில் நான்கு பேரிடமிருந்து வந்தது. ஏசாயா 45ஆம் அதிகாரம், கர்த்தர் அபிஷேகம்பண்ணின பாரசீகத்து கோரேஸ் ராஜா, கடவுளை அறியாதவன் ஆனாலும் கடவுள் பயன்படுத்தினார், ட்ரம்ப் 45ஆவது ஜனாதிபதி, ஆமென். சரி, இப்போது அவர் 47ஆவது ஜனாதிபதி ஆகப் போகிறார். ஏசாயா 47ஐ எடுத்துப் பார்த்தேன். பாபிலோனே இறங்கி மண்ணில் உட்கார் என்று ஆரம்பிக்கிறது. அதை இதுவரை யாரும் எனக்கு ஃபார்வர்டு செய்யவில்லை.

அக்காவின் பெரிய ஆயுதம் ரோ தீர்ப்பு கவிழ்ந்தது. சரி, அதற்கு அப்புறம் என்ன நடந்தது? 2024 ஜூலையில் கட்சி தன் கொள்கை அறிக்கையை மாற்றி எழுதியது. 40 வருஷமாக அதில் இருந்த, நாடு முழுவதும் கருக்கலைப்பைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை போய், மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆனது. ஆகஸ்டில் ட்ரம்ப், என் அரசு பெண்களுக்கும் அவர்களுடைய இனப்பெருக்க உரிமைகளுக்கும் நல்லதாக இருக்கும் என்று எழுதினார். அந்த வார்த்தை எதிர்க்கட்சியின் வார்த்தை! மைக் பென்ஸ், மறுபடியும் பிறந்தவர், ட்ரம்புடைய சொந்தத் துணை ஜனாதிபதியாக இருந்தவர், இவரை ஆதரிக்க மாட்டேன் என்று மார்ச்சிலேயே சொல்லிவிட்டார். அந்த மார்ச்சில்தான் ட்ரம்ப் 59.99 டாலருக்கு பைபிள் விற்றார். சபைதான் ஓட்டுகிறது என்றால் நவம்பரில் கொஞ்சமாவது கடிவாளத்தை இழுத்திருக்க வேண்டும், ஒரு ஐந்து சதவீதமாவது வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுபடியும் பத்துக்கு எட்டு. கொள்கையைக் கட்சி கழற்றி வைத்த பிறகும் ஓட்டு அசையவில்லை என்றால், அந்த ஓட்டு கொள்கையின் மேல் நிற்கவில்லை.

நான் இன்னும் ஒரு கதவைத் திறக்காமல் விட்டிருக்கிறேன். என் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிற ஒரு கறுப்பினப் பெண்மணி, புதன்கிழமை இரவு வேதபாடத்துக்கு மழையானாலும் போவார். அவருடைய சபையின் விசுவாசப் பிரமாணத்தையும் என் பக்கத்து வீட்டுக்காரர் சபையின் பிரமாணத்தையும் வைத்துப் பாருங்கள், எது எதனுடையது என்று உங்களால் சொல்ல முடியாது. மறுபிறப்பு, சிலுவை, வேதத்தின் அதிகாரம், எல்லாம் ஒன்று. கறுப்பின புராட்டஸ்டன்ட்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் டெமாக்ரட்டுக்குப் போடுகிறார்கள். வேதம் ஓட்டைத் தீர்மானித்தால் ஒரே வேதம் இரண்டு ஓட்டு போடுமா? நடுவில் இருக்கிற ஸ்பானிய மொழி சபைகளைப் பாருங்கள், இப்போது அங்கேதான் உண்மையான இழுபறி. 2020 ஜனவரியில் ட்ரம்ப் தன் இவாஞ்சலிக்கல் பிரச்சாரத்தை எங்கே தொடங்கினார்? மயாமியில், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கர்கள் வருகிற ‘எல் ரே ஹேசூஸ்’ சபையில். மறுபடியும் அதே கதை, கட்சி சபையின் வாசலுக்கு வந்தது. இந்தத் தடவை வேறு தெருவில்.

எதிரணித் தம்பி ஒருவர் இப்போதே தலையாட்டுகிறார், சபைக்குள் எதிர்ப்பே இல்லையா என்று கேட்பார். இருந்தது. 2019 டிசம்பரில் ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ பத்திரிகை ட்ரம்பைப் பதவி நீக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதியது. அது பில்லி கிரஹாம் ஆரம்பித்த பத்திரிகை, அவர் மகனே அதைக் கண்டித்தார். சதர்ன் பாப்டிஸ்ட் தலைவர்களில் ஒருவரான ரசல் மூர் எதிர்த்துப் பேசினார், 2021இல் சதர்ன் பாப்டிஸ்டை விட்டே வெளியேறினார். சபை கட்சியை மாற்றியதாகச் சொல்கிறீர்கள், கட்சியோடு மோதியவர்கள் சபையில் இருக்க முடியாமல் போவதை என்னவென்று சொல்வது?

கடைசியாக எனக்கு மிகப் பிடித்த சாட்சி. பியூ ஆய்வு மையம் ஒரே ஆட்களை 2016இலும் 2020இலும் கேட்டுப் பார்த்தது. 2016இல் தன்னை இவாஞ்சலிக்கல் என்று சொல்லாத, ஆனால் ட்ரம்பைப் பிடித்த வெள்ளையர்களில் 16% பேர், 2020இல் நான் இவாஞ்சலிக்கல் என்றார்கள். ட்ரம்பைப் பிடிக்காதவர்களிடம் அந்த நகர்வு அநேகமாக இல்லை. என் அப்பா உபதேசியார். ஒரு ஆளைச் சபைக்குள் கொண்டுவர அவர் எத்தனை மாதம் சைக்கிள் மிதிப்பார் என்று எனக்குத் தெரியும். இங்கே கட்சியே ஞானஸ்நானம் கொடுத்து அனுப்புகிறது.

முதல் மணி அடித்துவிட்டது. ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு 70 வயது. கிழக்கு டெக்சஸில் பிறந்து வளர்ந்தவர். 2021 பிப்ரவரி பனியில் நமக்கெல்லாம் மூன்று நாள் கரண்ட் போனதே, அப்போது தன் முகாம் அடுப்பை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, என் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தவர். அவரை வைத்து நான் ஜோக் அடிக்க மாட்டேன். முந்தின வாரம் வியாழக்கிழமை கார்ட்டருடைய இறுதிச் சடங்கை அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்துதான் பார்த்தேன். டிவியில் ட்ரம்பும் ஒபாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் எழுந்து போய் ஒரு டிராயரில் துழாவி, பச்சை வண்ணத்தில் ஒரு சட்டை பேட்ஜ் எடுத்து வந்தார். பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஒரு நிலக்கடலை. 1976, அவருடைய முதல் ஜனாதிபதி ஓட்டு. என் பாஸ்டர் அவருக்காக ஜெபித்தார், நாங்கள் எல்லாரும் அவருக்குத்தான் போட்டோம் என்றார்.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன் என்றார். அப்புறம், ‘ஆனால் நம்ம ஆள் கிடையாது’ என்றார்.

95 வயதிலும் பிளெயின்ஸில் ஞாயிறு பள்ளி எடுத்த மனுஷனைப் பற்றி. யாருடைய ஆள் என்று கேட்கலாமா என்று நினைத்தேன், பால் காய்ச்சிக் கொடுத்த கை ஞாபகம் வந்தது, கேட்கவில்லை. அவர் பேட்ஜை ஒரு தடவை சட்டையில் துடைத்துவிட்டு டிராயரில் போட்டு மூடினார்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, உட்கார்ந்துவிடுகிறேன். வடை மிச்சம் இருக்கிறதா?